அந்த வீடியோவில் என் மைக் செட் அணைந்து கிடந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இணைப்பில் எங்கள் பக்கத்து நாட்டுப்புறப் பாட்டுக் குழு ஒன்றைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். படமும் நன்றாக இருந்தது. ஆனால் ஒரே ஒரு வீடியோவில் அவர்கள் மேலே வந்துவிட்டதாகத் தலைப்பிலும் உள்ளேயும் இரண்டு மூன்று இடத்தில் வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் உச்சிப்புளியில் மைக் செட் வைத்திருப்பவன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பனைமரத்தில் ஏறிக் கூம்புக் குழாய் கட்டிய காலத்தில் தொழிலுக்கு வந்தேன். இப்போது பெட்டி ஸ்பீக்கர், மிக்ஸர், ஜெனரேட்டர், ஒரு குட்டியானை வண்டி. காதுகுத்து, கொடியேற்றம், சந்தனக்கூடு, கட்சிக் கூட்டம், எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். அந்தக் குழுவை இரண்டரை வருஷமாக ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போனவனும் நான்தான். அதனாலேயே குழுவின் பெயரை இதில் எழுதவில்லை. எழுதினால், தொழில்காரன் விளம்பரம் தேடுகிறான் என்று கடிதத்தை ஓரமாகப் போட்டுவிடுவீர்கள்.

வீடியோவுக்கு வருகிறேன். அது மூக்கையூரில் எடுத்தது. நாலாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் அன்றைக்குப் பார்த்து மக்கர் செய்தது. கயிற்றை இழுத்து இழுத்து என் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். இருட்டில் பறையும் உறுமியும் நிற்கவில்லை. பாடுகிற பிள்ளை மைக்கைக் கீழே வைத்துவிட்டு மணலில் இறங்கிவிட்டது. கூட்டம் மொத்தமும் பாட ஆரம்பித்தது. யாரோ ஒரு பையன் அதை செல்போனில் பிடித்தான். முப்பது வருஷத்தில் நான் போட்ட நிகழ்ச்சிகளிலேயே அதிகம் பேர் பார்த்தது, என் செட் வேலை செய்யாத அந்த நாலு நிமிஷத்தைத்தான். அந்த வருத்தம் என்னோடு இருக்கட்டும்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அங்கே முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் அந்தப் பாட்டு எப்படித் தெரிந்தது? அது சினிமாப் பாட்டு இல்லை. கேசட்டிலும் வரவில்லை, ரேடியோவிலும் வரவில்லை. எந்த இடத்தில் தாங்கள் எடுத்துப் பாட வேண்டும் என்பதுகூடக் கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. அன்று நாங்கள் மூக்கையூருக்குப் போனது நாலாவது தடவை, ஐயா.

முதல் நிகழ்ச்சி எப்படி நடந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். வேதாளைப் பக்கம் ஒரு கடற்கரைத் தெரு. மாலை ஏழு மணி. குழுவில் ஆறு பேர்: பறை, உறுமி, தவில், ஆர்மோனியம், கிடார், பாட்டு. கிடார் எதற்கு என்று நான்கூட முகம் சுளித்தேன். இருபத்தைந்து பேர் வந்திருப்பார்கள். அதில் பாதி, நான் கட்டிய சீரியல் பல்பைப் பார்க்க வந்த சிறுசுகள். பெரியவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். பெண்கள் டிவியை விட்டு வரவே இல்லை. இவர்களோ ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் ஐந்து நிமிஷம் பேசினார்கள். மரபு, மண், அடையாளம் என்று கிடார் தம்பி பேசிக்கொண்டே போக, முன்னால் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏப்பா, இவுக பாடுற மாதிரி தெரியல. நீயாச்சும் எம்ஜிஆர் பாட்டு ரெண்டு போடேன்" என்றாள். திரும்பி வரும்போது வண்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீசல் காசுகூட வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவார்கள் போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பாடுகிற பிள்ளை தனியாக பஸ் ஏறி அந்தக் கிழவியைத் தேடிப் போனது. மண்டபம் பக்கத்துப் பிள்ளை அது. அதன் அம்மா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் முங்கிப் பாசி எடுப்பவர். அதனால் அந்தத் தெரு அதற்கு அந்நியம் இல்லை. "நான் பாடுனது பிடிக்கல, சரி. நீங்க என்ன பாடுவீங்க அப்பத்தா?" என்று கேட்டிருக்கிறது. கிழவி முதலில் மாட்டேன் என்று சொல்லி, அப்புறம் வெற்றிலையை மென்றுகொண்டே ஒரு தாலாட்டை எடுத்து, பிறந்த வீட்டுச் சீர்வரிசை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஒரு மணி நேரம் பாடினாளாம். அடுத்த மாதம் அதே தெருவில் அந்தத் தாலாட்டைப் பாடினார்கள். இன்னார் வீட்டு அப்பத்தா கொடுத்த பாட்டு என்று சொல்லிவிட்டுப் பாடினார்கள். அன்றைக்கு டிவி ஓடிய வீடு ஒன்றுகூட இல்லை. எதிர்த்தெருக்காரர்கள் வந்து, எங்கள் அப்பத்தா பாட்டை ஏன் எடுக்கவில்லை என்று சண்டைக்கே நின்றார்கள்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த ஊருக்கும் ஒரு நாள் முன்னாலேயே போய்விடுவார்கள். கருவி கிடையாது, மைக் கிடையாது. வலை பொத்துகிற இடம், கருவாடு காயப்போடுகிற களம், நண்டு கம்பெனி வேன் வந்து நிற்கிற முக்கு என்று போய் உட்கார்ந்து கேட்பார்கள். பெரியபட்டினத்தில் ஒரு முதியவர், தப்ஸ் என்கிற கைப்பறையை அடித்துப் பாடிக்கொண்டு வரும் பக்கீர்களைச் சின்ன வயதில் பின்தொடர்ந்து போனவர், பாதி ஞாபகத்தில் ஒரு பாட்டைக் கொடுத்தார். மீதிப் பாதியைத் தேடி இன்னும் மூன்று ஊர் அலைந்தோம்.

தனுஷ்கோடிப் பக்கத்தில் கரைவலை இழுப்பவர்களிடம் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அந்த வீடியோப் பாட்டு அங்கிருந்துதான் வந்தது.

கரைவலைக்கு இரண்டு பக்கமும் கயிறு. இரண்டு அணியாகக் கரையில் நின்று இழுப்பார்கள். இழுக்கும்போது பாடுவது அம்பா. இவர்கள் அதைக் கேட்டுவிட்டு வந்து, தாளத்தைக் கூட்டி, கிடாரெல்லாம் சேர்த்து, இரண்டே நிமிஷத்தில் துள்ளலாக ஒரு பாட்டு செய்தார்கள். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதை அந்த மக்கள் முன்னாலேயே பாடியபோது ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். 1964 டிசம்பர் புயலில் சிறுவனாகத் தப்பியவர். "நிப்பாட்டுங்கடா" என்றார். பறை நின்றது. "இந்த வேகத்துல இழுத்தா கயிறு கைய அறுத்துரும். ஒருத்தன் பாடுவான். அவன் மூச்சு வாங்குற நேரத்துலதான் மத்தவன் ஏலேலோன்னு இழுப்பான். நீங்களே பாடி நீங்களே இழுத்தா, மத்தவனெல்லாம் கரையில எதுக்கு?" என்று கேட்டார். மேடைக்குப் பக்கத்தில் வந்து, என்னிடம் இருந்த ஸ்டாண்ட் கயிற்றை வாங்கி, ஒரு முனையைக் கிடார் தம்பி கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். மீன் சேரும் வலைப்பையான மடி தூரத்தில் இருக்கும்போது எப்படி, பாதி வந்ததும் எப்படி, மடி கரையைத் தொடப்போகும்போது மட்டும் எப்படி வேகம் கூடும் என்று காட்டினார். அரை மணி நேரம் நிகழ்ச்சி நின்றுவிட்டது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

அந்தப் பாட்டு இப்போது பதினோரு நிமிஷம். முதல் ஐந்து நிமிஷம் ஆமை வேகம். பாதிப் பாட்டைக் கூட்டம்தான் பாட வேண்டும். கூட்டம் பாடாவிட்டால் பாட்டு நகராது. மூக்கையூரில் கரண்ட் போனபோது நகர்த்தியது அவர்கள்தான்.

சரி, கூட்டம் எங்கே அதைப் படித்துக்கொண்டது என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் சட்டம். ஒலி மாசு பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வாத்தியத்துக்கும் அதே தடை. இந்த விதியைத் திட்டாத மைக் செட்காரன் கிடையாது. ஆனால் எனக்கும் வயதாகிறது, பத்து மணிக்கு மேல் எனக்கும் தூக்கம் வேண்டும், அதனால் நான் திட்டுவதை விட்டுவிட்டேன். பத்தடித்தால் மெயினை அணைத்துவிடுவேன். பறையும் உறுமியும் உறைக்குள் போய்விடும். ஒரு நாள் முள்ளிமுனையில் அணைத்த பிறகும் நாற்பது ஐம்பது பேர் எழுந்திருக்கவில்லை. குழு மேடையிலிருந்து இறங்கி அவர்களோடு மணலில் உட்கார்ந்தது. வெறும் வாய்ப்பாட்டு. அவர்கள் ஒரு வரி, இவர்கள் ஒரு வரி. மறந்த வரியை ஆளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்தார்கள். நான் ஒயரைச் சுருட்டி, பெட்டியை ஏற்றி, வண்டியிலேயே படுத்துத் தூங்கி எழுந்து பார்த்தால் அப்போதும் பேச்சும் பாட்டுமாக இருந்தார்கள். அன்றிலிருந்து எல்லா ஊரிலும் பத்துக்கு மேல் ஒரு மணி நேரம் அப்படி. மைக்கில் கேட்டவர்கள் பாட்டைக் கேட்டார்கள். மணலில் உட்கார்ந்தவர்கள் பாட்டைப் படித்துக்கொண்டார்கள்.

தேதி குறிப்பது ஒரு தனி வித்தை. நகரத்துச் சபாக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம். இங்கே அது நடக்காது. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போக வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு ஊரில் தொழில் நாளில் மேடை போட்டால் முன்னால் பாய்தான் இருக்கும், ஆள் இருக்காது. வெள்ளிக்கிழமை ஓர் ஊருக்கு ஆகாது, ஞாயிறு பூசை இன்னோர் ஊருக்கு. அப்புறம் காற்று. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாக் கரையில் மைக் வைத்தால் அலைச் சத்தமும் காற்றும் பாட்டைத் தின்றுவிடும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் தொண்டி, நம்புதாளைப் பக்கம் அதே கதை. எங்கள் பக்கத்துப் படகுக்காரர்கள் காற்றைப் பார்த்து வடகடலான பாக் நீரிணைக்கும் தென்கடலான மன்னார் வளைகுடாவுக்கும் படகை மாற்றுவார்கள். குழுவும் அப்படியே மாற ஆரம்பித்தது. கச்சானில் மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, காரங்காடு. வாடையில் வாலிநோக்கம், மூக்கையூர். காற்றுக்கு முதுகு காட்டித்தான் பெட்டியை வைக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதையாவது உங்கள் கட்டுரையில் போட்டிருக்கலாம்.

ஈரக்காற்றில் பறைத்தோல் தொய்ந்துவிடும். ஒவ்வொரு ஊரிலும் பொழுது சாய்ந்ததும் காய்ந்த பனையோலையைக் கொளுத்திப் பறை காய்ச்சுவார்கள். அந்தத் தீயைப் பார்த்தே சிறுவர்கள் கூடுவார்கள். நோட்டீஸ் அடித்த செலவெல்லாம் வீண் என்று அப்போதுதான் தெரிந்தது.

பணம். முதல் ஆறு மாதம் சோறும் டீசலும்தான். துண்டு ஏந்த மாட்டோம் என்று வீம்பு பிடித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாடியவன் கூலி கேட்பதில் என்ன கேவலம்? தேவிபட்டினம் பக்கம் ஓர் ஊரில்தான் அதற்கு வழி பிறந்தது. ஊர்ப் பெரியவர்கள் காலை ஏலத்தில் ஒரு கூடை சூடை மீனைத் தனியாக எடுத்துவைத்து, பாட்டுக்காரப் பிள்ளைகள் மகமை என்று சொல்லி ஏலம் விட்டார்கள். வழக்கமான விலையைவிட இரண்டு மடங்கு போனது. அதைப் பார்த்துப் பக்கத்து ஊர்களும் செய்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுக் குடும்பங்கள் கையில் காசு இருக்காது. அந்த நாட்களில் மட்டும் மகமை வேண்டாம் என்று குழு சொல்லிவிட்டது. ஆனால் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. ஆண்கள் கரையில் இருக்கும் காலம் என்பதால் போன தடைக்காலத்தில்தான் அதிக ஊர் போனோம். டீசலுக்கு நான் கடன் சொன்னேன். பங்க் முதலாளி நல்லவர்.

ரசிகர்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்து முதல் ரசிகர்கள் நண்டு கம்பெனிக்குப் போகும் நாலு பெண்கள். பகலெல்லாம் அவித்த நண்டில் சதை எடுத்துவிட்டு, விரல் நுனியில் கீறலோடு, ஷேர் ஆட்டோ பிடித்து வருவார்கள். பாம்பனில் பார்த்தவர்கள் தங்கச்சிமடத்துக்கு வந்தார்கள், அப்புறம் புதுமடத்துக்கு. மூன்றாவது தடவை தூக்குவாளியில் குழம்பும் கொண்டுவந்தார்கள். ஊருக்கு ஊர் அப்படி ஒரு நாலு பேர் சேர்ந்தார்கள். குழுவிடம் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம். யார் வீட்டில் கரண்ட் எடுத்தோம், யார் சோறு போட்டார்கள், யார் எந்தப் பாட்டைக் கேட்டார்கள், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம். போன தடவை கேட்ட பாட்டை இந்தத் தடவை பெயர் சொல்லிப் பாடும்போது அந்த ஆள் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

என் அப்பா பண்ணைபுரத்துப் பாவலர் வரதராஜனைப் பற்றி அடிக்கடி சொல்வார். தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு, ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு, கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். அந்தத் தம்பிகளில் ஒருவர் இளையராஜா. 1976இல் அவர் இசையமைத்த முதல் படம் வந்தபோது, ஒரே படத்தில் வந்துவிட்டான் என்று டீக்கடையில் யாரோ சொன்னதற்கு என் அப்பா டம்ளரை வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனாராம். இந்தக் கடிதம் எழுதுவதும் அந்த ரத்தம்தான் என்று என் மனைவி சொல்கிறார்.

குழுவில் குறை இல்லாமல் இல்லை. கிடார் தம்பி இன்னும் அதிகமாகத்தான் பேசுகிறான். சொன்ன நேரத்துக்கு ஆறு பேரும் சேர்ந்து வந்த நாளை நான் பார்த்ததில்லை. வீடியோவுக்குப் பிறகு சென்னையிலிருந்து அழைப்பு வந்து, ஓர் ஊருக்குக் கொடுத்த தேதியைத் தள்ளிவைத்தார்கள். அந்த ஊர்ப் பெரியம்மா எனக்குப் போன் போட்டு, "பாட்டை வாங்கிட்டுப் போனவுக திரும்பக் காணோமே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு நகரத்தில் பெரிய விழா ஒன்றில், விருந்தினர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க இவர்களுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். ஆறாவது நிமிஷத்தில் விருந்தினர் வந்துவிட்டார். அம்பா பாதியில் நின்றது. பேசிய தொகை எட்டு மாதமாகியும் வரவில்லை. எந்த விழா என்று நான் எழுதவில்லை, அடுத்த வருஷமும் எனக்கு அங்கே செட் போட வேண்டியிருக்கும்.

இப்போது என் கோரிக்கை. உங்கள் மாவட்டப் பக்கத்தில் தினமும் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்று ஒரு பத்தி வருகிறது. கோயில் சொற்பொழிவு, மருத்துவ முகாம், அரங்கத்தில் புத்தக வெளியீடு எல்லாம் போடுகிறீர்கள். இந்த இரண்டரை வருஷத்தில் நான் மூன்று தடவை தபால் அட்டையில் எழுதிப் போட்டேன். ஒரு தடவையும் வரவில்லை. மீனவர் தெருவில் மணலில் நடப்பது நிகழ்ச்சிக் கணக்கில் வராது என்று யாராவது நினைத்தார்களா, அல்லது என் கையெழுத்துதான் புரியவில்லையா என்று தெரியாது. இந்தக் குழுவுக்கு மட்டும் கேட்கவில்லை. ஒயிலாட்டக்காரர்கள், இசை நாடகக்காரர்கள், கரகம் ஆடுகிறவர்கள் எல்லாரையும் நான் ஏற்றிக்கொண்டு போகிறேன். எல்லாருக்கும் ஒரு வரி. அரைப்பக்கம் வேண்டாம்.

எப்படிப் போட வேண்டும் என்று கீழே தெளிவாக எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை என் மகள்தான் எழுதித் தந்தாள், அதனால் எழுத்துப் புரியும்.

நாட்டுப்புறப் பாட்டு. மோர்ப்பண்ணைக் கடற்கரை, ஏலக்கூடத்துக்குப் பின்புறம். வரும் வெள்ளிக்கிழமை, மாலை 6.30 மணி. பத்து மணிக்கு மேல் மைக் இருக்காது, பாட்டு இருக்கும். பாய் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
மைக் செட்காரர் ஒருவர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.